வீவ், நிட் – ரெண்டும் ஒண்ணா?



"அப்பா பட்டுச்சேலை நெய்கிறார்" என்பதை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் சிலர் 'வீவ்' போடுவாங்க, சிலர் 'நிட்' போடுவாங்க. ரெண்டுமே நூலைத் துணியாக்கும் வினைச்சொல்தானே, எதைப் போட்டால் என்ன? நெசவு ஊர்ப் பிள்ளைங்க நாம அப்படிக் கேட்கலாமா?

வீவ் என்றால் நெய்வது. இதற்கு ரெண்டு வகை நூல் வேண்டும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது பாவு. குறுக்கே நாடாவில் ஓடுவது ஊடை. மிதியை மிதித்தால் பாவு மேலும் கீழுமாகப் பிரியும், நடுவில் நாடா பாயும். நம்ம ஊர் கோர்வைச் சேலைக்கு மூணு நாடா: உடலுக்கு ஒண்ணு, ரெண்டு கரைக்கும் ஒவ்வொண்ணு. அதனால்தான் நெய்பவர் பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள் உட்காருவது.

நிட் என்பது வேறு. ஊசியால் நூலை வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் அடுத்த வளையத்தை இழுப்பது. ஒரே நூல்கூடப் போதும். ஸ்வெட்டர், சாக்ஸ், திருப்பூர் பனியன் எல்லாம் இப்படித்தான். வளையம் விரிந்து கொடுப்பதால் பனியனை இழுத்தால் நீளும். பட்டுச்சேலை அப்படி நீளாது. (இழுத்துப் பார்க்காதீங்க, அம்மா திட்டுவாங்க!)

'நிட்' எழுதும்போது முதலில் 'கே' உண்டு, சொல்லும்போது வராது. முடிச்சைக் குறிக்கும் 'நாட்' இதன் உறவுக்காரச் சொல். சிலந்தி வலையைக் குறிக்கும் 'வெப்', வீவுக்குச் சொந்தம்.

இங்கேதான் கவனம் தேவை. தமிழில் சிலந்தி வலை பின்னும், நாம கூடை பின்னுவோம், சடையும் பின்னுவோம். மூணுக்கும் 'நிட்' போட்டால் மூணும் தப்பு! வலைக்கும் கூடைக்கும் 'வீவ்'. சடைக்கு 'பிரெய்ட்'. எனவே துணி என்று வந்தால் தமிழ்ச் சொல்லைப் பார்க்காதீங்க, நூல் போகிற வழியைப் பாருங்க. குறுக்கும் நெடுக்குமாகப் போனால் வீவ். வளையத்துக்குள் வளையம் போனால் நிட்.

இறந்தகாலம்: சேலைக்கு 'வோவ்'. கருடசேவைக் கூட்டத்தில் வளைந்து வளைந்து புகுந்து போவதும் வீவ்தான், ஆனால் அதற்கு 'வீவ்டு'. உடைந்த எலும்பு ஒட்டிக் கூடினால் 'நிட்'.

இது வெறும் பரீட்சை விஷயம் இல்லை. உலக வணிகத்தின் சரக்குப் பட்டியலில் பின்னலாடைக்கு 61ஆம் அத்தியாயம், மற்ற ஆடைகளுக்கு 62ஆம் அத்தியாயம். சொல் மாறினால் சரக்கே மாறிடும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை தறியில் நெய்யும் கைகளுக்கு உரியது. வீட்டில் நடக்கும் வேலையை நாமே சரியான சொல்லால் சொல்லாவிட்டால், வேற யார் சொல்வாங்க?

யோசிங்க: பாய், கையுறை, வேட்டி – எதற்கு எந்தச் சொல்?

(விடை: வீவ், நிட், வீவ்)