ஒரே வரி இருமுறை வந்ததால்...

கைப்பேசியில் வங்கியின் இணையத்தளத்தைத் திறக்கிறோம். மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே நம் வங்கிதானா என்பதைக் கைப்பேசியே முதலில் சோதித்துக்கொள்ளும். ஐபோனில் அந்தச் சோதனையில் ஓட்டை இருந்தது 2014 பிப்ரவரி 21ஆம் தேதி தெரியவந்தது. அன்று ஆப்பிள் நிறுவனம் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. மேக் கணினிகளுக்கான திருத்தம் நான்கு நாள் கழித்து வந்தது.

காரணம், சி மொழியில் எழுதிய நிரலில் ஒரு வரி இரண்டு முறை இடம்பெற்றிருந்ததுதான்.

வாயிற்காவலரிடம் இப்படி எழுதிக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்: ‘பெயர் பொருந்தாவிட்டால் சோதனையை நிறுத்து. சோதனையை நிறுத்து. கையெழுத்தைச் சரிபார்.’

முதல் ‘நிறுத்து’க்கு நிபந்தனை உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. பெயர் பொருந்தினாலும் காவலர் அங்கேயே நிறுத்திவிடுவார். கையெழுத்தைப் பார்க்கவே மாட்டார். அதுவரை பிழை எதுவும் தென்படாததால் வந்தவரை உள்ளேயும் விட்டுவிடுவார். ஆப்பிளின் நிரல் செய்ததும் இதுதான். பொது வைஃபையில் யாராவது இடைபுகுந்து, ‘நான்தான் வங்கி’ என்று சொன்னாலும் கைப்பேசி நம்பியிருக்கும்.

இது ஏன் கண்ணில் படவில்லை? சி மொழியில், நிபந்தனைக்குக் கீழே ஒரே கட்டளை என்றால் அடைப்புக்குறி தேவையில்லை. வரியைச் சற்று உள்ளே தள்ளி எழுதுவது படிப்பவரின் வசதிக்காக. கணினி அதைக் கண்டுகொள்ளாது. கூடுதலாக வந்த வரியும் உள்ளே தள்ளியே இருந்தது. பார்ப்பவருக்கு அது நிபந்தனைக்குள் அடங்கியதாகவே தெரியும்.

அதே ஆண்டு ஜூனில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய சுவிஃப்ட் மொழியில் அடைப்புக்குறி கட்டாயம். கோ, ரஸ்ட் மொழிகளிலும் அப்படித்தான். பைத்தானில் வரி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை வைத்தே அது எந்த நிபந்தனையைச் சேர்ந்தது என்று முடிவாகும். இந்த மொழிகளில் அந்த வரி இருமுறை அதே இடத்தில் வந்திருந்தாலும் தீங்கு நேர்ந்திருக்காது.

நிரல் எழுதும் இளையர்கள் இதிலிருந்து சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ளலாம். ஒரே கட்டளையானாலும் அடைப்புக்குறி போடுங்கள். ‘இந்தப் பகுதி ஒருபோதும் இயங்காது’ போன்ற எச்சரிக்கைகளைக் காட்டும்படி கருவிகளை அமைத்துக்கொள்ளுங்கள். சரியான சான்றிதழை ஏற்கிறதா என்பதோடு, போலியை மறுக்கிறதா என்றும் சோதியுங்கள்.

மற்றவர்களுக்கு வேலை எளிது. புதிய திருத்தம் வந்திருப்பதாகக் கைப்பேசி சொன்னால், நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அன்றே பதிவிறக்கிவிடுங்கள். அம்மா, அப்பாவின் கைப்பேசியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.