மோல்ரனில் பிறந்த விமானமும் ரூர் நாட்டுக் கல்லறைகளும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் ரெக்ஸ்டேல் வாழ் எம்மவர் வீடுகளில் பெட்டி கட்டும் படலம் ஆரம்பமாகிவிடும். ஜேர்மனியில் தங்கையின் மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா, பாரிசில் மருமகனுக்குத் திருமணம், ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயத்தில் தேர் என்று ஏதாவது ஓர் அழைப்பு வந்தே தீரும். மிளகாய்த்தூள் பொதிகளை நிறுத்துப் பார்ப்பதும், எடை கூடிவிட்டதென்று திரும்ப எடுப்பதும், மீண்டும் திணிப்பதுமாக ஒரு வாரம் ஓடிவிடும். போய்த் திரும்பியவர்களிடம் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் விடை ஒன்றாகவே இருக்கும். கேள்ன் நகரத்துப் பெருங்கோவில், ரைன் நதியிற் படகு, ஈஃபிள் கோபுரம், லாச்சப்பலிற் சேலைக் கடை.

இவற்றை நாம் குறை சொல்லவில்லை. நாமும் அந்தக் கோவிலின் முன் நின்று படம் எடுத்தவர்களே. ஆயினும் ஜேர்மனிக்குச் செல்லும் ரெக்ஸ்டேல்வாசி ஒருவர் பார்க்கவேண்டிய வேறு சில இடங்களும் உண்டு. ஏனையோரைவிட ரெக்ஸ்டேல்வாசிக்கு அதற்குத் தனியான காரணமும் உண்டு.

எமது அடுக்குமாடிகளின் மேற்கே நெடுஞ்சாலையைக் கடந்தால் மோல்ரன். எம்மிற் பலருக்கு அது விமான நிலையத்துக்குப் போகும் வழி. சிலருக்கு இரவு வேலைக்குப் போகும் இடம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே விக்ரறி எயார்கிராவ்ற் என்ற அரச தொழிற்சாலை இயங்கியது. 1943 முதல் 1945 வரை அங்கு 430 லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானங்கள் கட்டப்பட்டன. ஒன்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே காலத்தில் அங்கே வேலை செய்தனர். அவர்களிற் பெருந்தொகையினர் பெண்கள். 1943 ஓகஸ்ட் மாதம் வெளிவந்த முதலாவது விமானத்துக்கு ஆரவாரத்துடன் சூட்டப்பட்ட பெயர் 'ரூர் எக்ஸ்பிரஸ்'.

ரூர் எது என்று வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. எசன், டோர்ட்முண்ட், போகும், கெல்சன்கேர்சன், டூயிஸ்பேர்க் ஆகிய நகரங்களைக் கொண்ட நிலக்கரி, உருக்குப் பிரதேசம் அது. எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக அகதிகளாக நுழைந்த எம்மவர்களிற் பலர் இன்று பேரப்பிள்ளைகளோடு வாழும் இடமும் அதுவே. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து மீட்கப்பட்ட 155 தமிழரும் ஜேர்மனியத் துறைமுகம் ஒன்றிலிருந்தே கப்பலேறியவர்கள். சுருங்கச் சொன்னால், அண்ணன் வாழும் இடத்தில் கட்டிய விமானம் தம்பி வாழும் இடத்தை எரிக்கப் புறப்பட்டிருக்கிறது. இருவரும் பிறப்பதற்கு முந்திய கதை என்பது வேறு விடயம்.

சென்ற கோடையில் எசனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது இவ்விடங்களைப் பார்க்கவேண்டும் என்று சொன்னோம். "அங்க போய் என்னத்தைப் பார்க்கிறது மச்சான்? செத்தவையின்ர இடங்களை நாங்கள் காணாததோ?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். இருந்தும் மறுநாட் காலை காரை எடுத்து வந்தவரும் அவரே.

கேள்ன் பெருங்கோவிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எல்-டே இல்லம் இருக்கிறது. கட்டிய வணிகரின் பெயர் லியோபோல்ட் டாமென். அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே கட்டடத்தின் பெயராயின. 1935 இறுதியில் இக்கட்டடத்தை நாசிகளின் இரகசியப் பொலிசாரான கெஸ்ராப்போ எடுத்துக்கொண்டனர். 1942 மே 30 இரவு ஆயிரம் விமானங்கள் வந்து தாக்கிய நகரம் அது. போர் முடிந்தபோது நகரின் நடுப்பகுதி கற்குவியலாகக் கிடந்தது. ஆனால் சித்திரவதைக் கூடம் இருந்த இந்தக் கட்டடம் ஏறத்தாழ முழுதாகவே நின்றது. நிலவறையில் உள்ள சிறுசிறு அறைகளின் சுவர்களில் கைதிகள் ஆணியாலும் நகத்தாலும் பென்சிலாலும் எழுதிவைத்தவை இன்றும் இருக்கின்றன. ஏறத்தாழ 1,800 எழுத்துக்கள். ரஷ்ய மொழியிலும் உக்ரேனிய மொழியிலும் எழுதப்பட்டவை அதிகம். பிரெஞ்சும் போலிஷும் ஜேர்மனும் உண்டு. பெயர், ஊர், பிடிபட்ட நாள், அம்மாவுக்கு ஒரு சொல்.

இச்சுவர்கள் தாமாகத் தப்பவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். போரின் பின் அதே கட்டடத்தில் நகரசபை அலுவலகங்கள் இயங்கின. நிலவறை பழைய கோப்புகளைப் போட்டுவைக்கும் இடமாயிற்று. மூன்று தசாப்தங்களுக்கு மேலாக எவரும் அக்கறைப்படவில்லை. 1979 இல் ஓர் ஆசிரியரும் ஒரு புகைப்படக்காரரும் இரவோடிரவாக உள்ளே தங்கியிருந்து சுவர்களைப் படமெடுத்து வெளிப்படுத்திய பின்னரே ஊர் விழித்தது. 1981 இல் அது நினைவிடமாகத் திறக்கப்பட்டது. நினைவு பேணுவதில் ஜேர்மனியரைப் புகழ்வோர் இந்த முப்பத்தைந்து ஆண்டு மௌனத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எசன் நகரத்து யூதக் கோவிலின் கதையும் இவ்வாறானதே. 1913 இல் கட்டப்பட்ட அந்த மாபெரும் கற்கோவிலின் உட்புறத்தை 1938 நவம்பரில் நாசிகள் எரித்தனர். சுவர் தடித்தது, விழவில்லை. பின்னர் வந்த குண்டுகளுக்கும் விழவில்லை. வழிபட ஆளில்லாமற் போன அந்தக் கோவிலில் அறுபதுகளில் கைத்தொழில் வடிவமைப்புக் கண்காட்சி நடத்தினார்கள். 1980 இன் பின்னரே அது நினைவிடமாயிற்று.

ஆனால் எம்மை அதிகம் அலைக்கழித்த இடம் மேனே அணைக்கட்டு. ஹம் ஆலயத்துக்குச் செல்வோர் காரில் ஒரு மணி நேரத்துக்குள் அங்கு போய்விடலாம். அழகான ஏரி, ஐஸ்கிரீம் கடைகள், அணையின் மேல் நடந்து செல்லும் முதியோர். 1943 மே 16 இரவு 19 லங்காஸ்ரர் விமானங்களில் 133 வீரர்கள் ரூர் அணைகளை உடைப்பதற்குப் புறப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 30 பேர் கனடிய வான்படையினர். மேனேயும் ஏடரும் உடைந்தன. 8 விமானங்கள் திரும்பவில்லை. 53 வீரர்கள் மாண்டனர். இந்த வீரம் படமாகவும் நூலாகவும் உலகெங்கும் அறியப்பட்டதே.

அணைக்குக் கீழே நொய்கைம் என்ற ஊரில் ஒரு முகாம் இருந்தது. சோவியத் நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட இளம்பெண்கள் கட்டாய வேலைக்காக அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். இரவிற் பெருகிவந்த நீர் முகாமை அள்ளிச் சென்றது. அந்த வெள்ளத்தில் மாண்டோர் தொகை 1,300 இற்கும் மேல். அவர்களில் அரைவாசிக்கும் அதிகமானோர் இவ்வாறு பிடித்துவரப்பட்ட அந்நியர். தங்களை மீட்கப் போரிட்ட பக்கத்தின் குண்டினாலேயே அவர்கள் இறந்தார்கள்.

நாசிகள் தோற்கடிக்கப்படவேண்டியவர்கள் என்பதில் எமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள்மீது குண்டு விழுந்ததை அறிந்த எம்மால், விமானத்தில் இருந்தவனின் பக்கம் மட்டும் நின்று அந்த அணையைப் பார்க்க முடியவில்லை. எம்மோடு வந்த, ரொறன்ரோவிற் பிறந்த பிள்ளை, "இந்தப் பிளேன் எங்கட மோல்ரனில் செய்ததா?" என்று கேட்டாள். இல்லை, அன்றைய விமானங்கள் இங்கிலாந்திற் செய்யப்பட்டவை. மோல்ரன் விமானங்கள் அதன் பின்னரே வந்தன என்றோம். அது சரியான விடைதான். அவள் கேட்டதற்கு அது போதிய விடையா என்பது வேறு.

டச்சு எல்லைக்கு அண்மையில், கிளேவ நகருக்கு வெளியே ரைஷ்வால்ட் காடு. ஜேர்மனியிலுள்ள பொதுநலவாய நாட்டுப் போர்க் கல்லறைகளில் மிகப் பெரியது அங்கேயே இருக்கிறது. 7,500 இற்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அவர்களிற் பாதிக்கும் மேற்பட்டோர் விமானப்படையினர். வெள்ளைக் கற்கள், வெட்டிவிட்ட புல், கல்லடியிற் சிறு பூஞ்செடி. ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, இறந்த திகதி. கனடியரின் கல்லென்றால் மேப்பிள் இலை. கீழே குடும்பத்தார் எழுதித்தந்த சிறு வாசகம். இருபது வயது, இருபத்தொரு வயது. ஒரே திகதியிட்ட ஏழு கற்கள் நெருங்கி நின்றால் அது ஒரு லங்காஸ்ரரின் ஏழு பேர் என்று அறிந்துகொள்ளலாம்.

எம்மை இங்கே நிறுத்தியது சோகமன்று, ஆச்சரியம். தம்மீது குண்டு போட்டவர்களின் உடல்கள் தமது மண்ணிலேயே, பெயரோடும் பூவோடும் கிடக்க அந்த நாடு இடம் கொடுத்திருக்கிறது. எமது மண்ணில் என்ன நடந்தது என்பதை வாசகர் அறிவர். கோப்பாய் துயிலும் இல்லத்தின் கற்கள் உடைத்தெறியப்பட்டு, அவ்விடத்தில் 2011 இல் இராணுவத்தின் 51 ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. யாழ். பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டு, எதிர்ப்பின் பின் அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. 2025 மே மாதத்தில் பிரம்ரனின் சிங்குவாக்கூசிப் பூங்காவில் ஒரு நினைவுத்தூபி திறக்கப்பட்டபோது எம்மவர் திரண்டு சென்றதற்கு இதுவே காரணம். ஊரில் விளக்கு வைக்க இடமில்லாதவர்கள் பிரம்ரனில் வைத்தார்கள்.

ஆனால் எமக்குள்ளும் ஒரு கணக்கு மீதமிருக்கிறது. போராளிக்குக் கல் நாட்டிய நாம், பதுங்கு குழியில் இறந்த கிழவிக்குக் கல் நாட்டவில்லை. அவள் பெயரை எழுதிவைக்கவுமில்லை. ஜேர்மனிய நகரங்களில் நடைபாதையைக் குனிந்து பார்த்தால், பத்துச் சதம மீற்றர் அளவில் பித்தளை பதித்த கற்கள் தெரியும். குன்ரர் டெம்னிக் என்ற கலைஞர் 1992 இல் கேள்னில் தொடங்கிய முயற்சி அது. "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுசெல்லப்பட்ட இடம். தையற்காரர், பள்ளிச் சிறுமி, எவரும் விதிவிலக்கில்லை. இத்தகைய கற்கள் இன்று ஒரு இலட்சத்தையும் தாண்டிவிட்டன. எம் உறவினர் எசனில் இருபது ஆண்டுகளாக நடந்த தெருவில் அப்படி மூன்று கற்கள் இருந்தன. அன்று மாலைதான் அவர் குனிந்து வாசித்தார்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். எல்-டே இல்லத்துக்குக் கேள்ன் பிரதான நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், திங்கட்கிழமைகளைத் தவிர்த்துக்கொள்ளவும். நிலவறை ஒடுக்கமானது, சிறையிலோ முகாமிலோ இருந்தவர்களை அழைத்துச் செல்வோர் முன்னரே சொல்லி, அவர்கள் சம்மதித்தால் மாத்திரம் கூட்டிச் செல்வது நல்லது. ரைஷ்வால்டுக்குக் கிளேவ வரை புகையிரதம் உண்டு. அதன்பின் வாடகைக் கார் பிடிக்கவேண்டும். கல்லறை வாயிலில் உள்ள பதிவேட்டில் எந்தப் பெயர் எந்த வரிசையில் என்று பார்த்துக்கொள்ளலாம். இவ்வாண்டு பயணம் கூடாதவர்கள் ஹமில்ரன் விமான அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாம். 1945 இல் மோல்ரனிற் கட்டப்பட்ட லங்காஸ்ரர் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் வயிற்றுக் கதவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் குண்டு தொங்கிய இடம் தெரியும்.