சாப்பிட்ட பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது?

யூரியா தூவினால் பயிர் நாலே நாளில் கருகருவென்று நிற்கும். தொழுவுரம் போட்ட வயலில் பசுமை மெதுவாகத்தான் ஏறும், ஆனால் நின்று பேசும். நம் வயிற்றுக்குள்ளும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

பட்டை தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு சீக்கிரம் செரித்து, சர்க்கரையாக ரத்தத்தில் ஏறும். உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கும். சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது, மிச்சத்தை ஈரலில் சேமிக்க வைப்பது இன்சுலினோட வேலை. மூணு வேளையும் சோறே குவிந்து, உடல் உழைப்பும் குறைந்து, எடை கூடினால், நாளடைவில் உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காது. நீரிழிவு பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருது.

பருப்பு, பயறு, முட்டையில் இருக்கிற புரதமும் இன்சுலினைத் தூண்டும். கூடவே குளுக்ககான் என்ற ஹார்மோனையும் வரவழைக்கும். ஈரலில் இருக்கும் சர்க்கரையை இது வெளியே விடும். ஒண்ணு இறக்க, ஒண்ணு ஏத்த, சர்க்கரை நிதானமாக நிற்கும். பசியைக் கிளப்பும் கிரெலினையும் புரதம் நல்லா அடக்கும்.

நிலக்கடலை, தேங்காய், எண்ணெயில் உள்ள கொழுப்பு இன்சுலினை அவ்வளவாகத் தூண்டாது. அது சிறுகுடலில் கோலிசிஸ்டோகைனினைச் சுரக்க வைக்கும். இந்த ஹார்மோன் பித்தநீரை இறக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

காய், கீரை, தவிட்டில் உள்ள நார்ச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கின்றன. மண்ணில் மட்கை நுண்ணுயிர் தின்பது போலத்தான். அதில் உண்டாகும் அமிலங்கள், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 சுரக்க உதவும்.

அரிசியை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் காயும் பருப்பும், அப்புறம் சோறு. இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறுதானியமே ஆனாலும், நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். முழு மணியாகச் சோறாக்கிச் சாப்பிடுவது மேல். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

விளைந்த உளுந்து, தட்டைப்பயறு, கடலையை எல்லாம் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, வெறும் சோறும் ரசமுமாகச் சாப்பிடும் உழவர் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். நஞ்சில்லாமல் விளைவித்ததை ஊருக்குக் கொடுங்கள், சரி. விதைக்கு எடுத்து வைப்பது போல, வீட்டுக்கும் ஒரு மூட்டை பயறு முதலிலேயே எடுத்து வையுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்.