சாவி களவுபோன பின்னும்

குறியாக்க முறைகள் தோற்பது பெரும்பாலும் அவற்றின் கணிதம் பழுதாவதால் அன்று; அந்தக் கணிதம் நம்பியிருக்கும் ரகசியத் திறவுகோல், அதாவது செய்தியைப் பூட்டித் திறக்கும் மிக நீண்ட எண், எங்கோ ஓரிடத்தில் கசிந்துவிடுவதால்தான். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் பிழை இதற்குச் சான்று. எண்ணற்ற இணையத்தளங்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க மென்பொருளில், இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று கேட்டு வரும் சிறு செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும் வசதி ஒன்று இருந்தது. கேட்பவர் தம் செய்தியின் நீளத்தைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னால், அதைச் சரிபார்க்காத சர்வர், தன் நினைவகத்தில் அடுத்துக் கிடந்தவற்றையும் சேர்த்து, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது; அந்த அள்ளலில் தளத்தின் ரகசியத் திறவுகோலும் அகப்படக்கூடும் என்பது சில நாட்களிலேயே செய்து காட்டப்பட்டது. பிழையுள்ள பதிப்பு வெளியானதோ 2012 மார்ச்சில்.

இத்தகைய களவில் அஞ்சத்தக்கது, அது கடந்தகாலத்தையும் திறந்துவிடும் என்பதே. அன்று பரவலாக இருந்த முறையில், ஒவ்வொரு உரையாடலுக்கும் உரிய தற்காலிகத் திறவுகோலைத் தளத்தின் நிலையான திறவுகோல் கொண்டே பூட்டி அனுப்பினர். ஆகவே, புரியாத குறிகளாகவே போக்குவரத்தைப் பதிவுசெய்து பொறுமையாகக் காத்திருந்தவர், நிலையான திறவுகோல் கைக்கு வந்த நாளில் பல்லாண்டுச் செய்திகளையும் படித்துவிடலாம்.

இதற்கான மாற்று மருந்து, குறியாக்க ஆய்வாளர்களான டிஃபியும் ஹெல்மனும் 1976இல் வெளியிட்ட கருத்தில் இருக்கிறது. இரு தரப்பும் ஒவ்வொரு முறையும் புதிய ரகசிய எண்களைத் தேர்ந்து, அவற்றிலிருந்து கணக்கிட்ட மதிப்புகளை மட்டும் வெளிப்படையாகப் பரிமாறி, பொதுவான ஒரு திறவுகோலை அடைந்து, உரையாடல் முடிந்ததும் அனைத்தையும் அழித்துவிடுகின்றன. நிலையான திறவுகோலுக்கு, தளம் இன்னதென்று கையொப்பமிட்டு உறுதிசெய்யும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. இல்லாத திறவுகோலை எவரும் திருட முடியாதல்லவா! முன்னோக்கு ரகசியம் என்று பெயர் பெற்றிருந்தாலும் இப்பண்பு காப்பது முடிந்துபோன உரையாடல்களையே. இணையத்தள இணைப்புகளைக் குறியாக்கும் நெறிமுறையின் 2018இல் வெளியான பதிப்பான டிஎல்எஸ் 1.3, நிலையான திறவுகோலால் பூட்டி அனுப்பும் பழைய முறையை முற்றிலும் நீக்கியது. இம்முடிவு இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

சிக்னல், வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் நெறிமுறை இன்னும் ஓரடி முன்னே செல்கிறது. பின்னோக்கிச் சுழலாத பற்சக்கரம்போல ஒவ்வொரு செய்திக்கும் திறவுகோல் மாறுவதோடு, இரு தரப்பும் மாறி மாறிப் பேசும்போது புதிய ரகசிய எண்களும் கலக்கப்படுவதால், ஒரு கணத்தில் திறவுகோல்கள் களவுபோயிருந்தாலும், திருடியவர் இடைமறித்து ஆள்மாறாட்டம் செய்யாத வரையில், அடுத்த சில பரிமாற்றங்களில் உரையாடல் தானே நலம்பெறுகிறது. தொலைபேசிக்குள்ளேயே தங்கிவிட்ட உளவு நிரல் ஒவ்வொரு புதிய எண்ணையும் பிறந்தவுடனே பார்த்துவிடும் என்பதால், அதனிடம் மட்டும் இந்த ஏற்பாடு செல்லாது.