நம் வழக்கை நடத்துபவர் யார்?

வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிவானதும் பாதி வெற்றி என்று நினைத்துவிடுகிறோம். நீதிமன்றத்தில் நமக்காக வாதாடுபவர் அரசு நியமிக்கும் சிறப்பு அரசு வழக்கறிஞர். அவர் வழக்குக் கட்டைப் படிக்காமல் வந்தால், பிறழ் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டால், உண்மையான வழக்கும் தோற்றுப்போகும். ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்களும் மாறுவதை நாம் பார்த்தே வருகிறோம்.

1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 7 ஆண்டுகளாவது தொழில் செய்தவரையே இப்பொறுப்பில் அமர்த்தச் சொன்னது. 2016 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவரது கடமையைக் கூட்டியது. வழக்கின் ஒவ்வொரு கட்டத்தையும் பாதிக்கப்பட்டவருக்கு அவரோ அரசோ தெரிவிக்க வேண்டும். ஜாமீன் மனு வந்தால் நம் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

1995-ம் ஆண்டு விதிகளில் 4-வது விதி இன்னும் முக்கியமானது. சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் பணியை ஜனவரியிலும் ஜூலையிலும் ஆட்சியர் ஆய்வு செய்ய வேண்டும். சரியாக நடத்தாதவரை அரசு நீக்கலாம். பாதிக்கப்பட்டவர் விரும்பினால், மூத்த வழக்கறிஞர் ஒருவரை அரசுச் செலவில் அமர்த்த ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் அதிகாரம் உண்டு.

இதனால் என்ன பயன் என்பதற்கு, 2015-ல் கொல்லப்பட்ட ஓமலூர் கோகுல்ராஜ் வழக்கே சாட்சி. நாமக்கல்லில் விசாரணை நடந்தபோது முக்கிய சாட்சியே பிறழ்ந்தார். தாயார் விடாமல் போராடினார். வழக்கு மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது, ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வாதாடினார். 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, வழக்குகளைக் கண்காணிப்பதையும் மேல்முறையீடு பற்றிக் கருத்துச் சொல்வதையும் குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககத்தின் பொறுப்பாக்கியுள்ளது. அந்த இயக்ககமோ உள்துறையின் கீழ் இருக்கிறது. காவல் துறையும் அதே துறையில்தான். ஆகவே நம் கண்காணிப்பு இன்னும் கூர்மையாக வேண்டும்.

2002-ல் லால்குடி அருகே திண்ணியத்தில் நடந்த கொடுமையைக் கண்ட மாவட்டம் இது. திருச்சியில் ஆட்சியரிடமோ, ஸ்ரீரங்கம் பகுதியினர் கோட்டாட்சியரிடமோ, 4-வது விதியைக் குறிப்பிட்டு மனுக் கொடுக்கலாம். அந்த மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவில் இருக்கும் நம்மவர்கள், கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஜனவரி, ஜூலை ஆய்வறிக்கை எங்கே?