வீடு ஈனும் வீடு

பதினைந்து வருஷங்களுக்கு முன் ஒருவர் கடன் வாங்கிச் சென்னையின் ஓரத்தில் ஒரு தனி வீட்டை வாங்கினார். அதை வாடகைக்கு விட்டு, வந்த வாடகையைக் கொண்டும் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கொண்டும் கடனில் பெரும் பகுதியை அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அந்த வீடு ஒரு கோடி ரூபாய் பெறும். கடன் பாக்கி 20 லட்சம். மீதி 80 லட்சமும் சந்தேகமின்றி அவருடையதுதான். ஆனால் அந்தப் பணத்தை அவர் எண்ணிப் பார்க்கவும் முடியாது, அதைக் கொண்டு கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கவும் முடியாது. மனையிலும் செங்கல்லிலும் கரைந்து கிடக்கிற அத்தொகையை, வீட்டை விற்காமலே வெளியில் எடுத்து, அதையே முதலாகப் போட்டு இரண்டாவது வாடகை ஒன்றைச் சம்பாதித்துக்கொள்ளும் வித்தை ஒன்று உண்டு. அதை ஒரு யந்திரமாகப் பாவித்து அதன் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

அந்த 80 லட்சத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஈக்விட்டி. இச்சொல் லேவாதேவிக்காரர்களிடையே பிறந்ததன்று என்பது ரசமான விஷயம். இதன் நேர்ப்பொருள் நியாயம் என்பதே. பழைய இங்கிலாந்தில், நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கியவன் குறித்த தேதியில் பணத்தைக் கட்டத் தவறினால், கடன் எவ்வளவு சொற்பமானாலும் நிலம் முழுவதும் கடன் கொடுத்தவனுக்கே போய்ச் சேர்ந்துவிடும். இது அநியாயம் என்று கண்ட சான்சரி நீதிமன்றம், தேதி தவறிப் போனாலும் அசலையும் வட்டியையும் செலுத்தி நிலத்தை மீட்டுக்கொள்ளக் கடனாளிக்கு உரிமை உண்டு என்ற கொள்கையைப் பதினேழாம் நூற்றாண்டில் நிலைநாட்டியது. நியாயத்தின் பேரால் கிடைத்த அந்த மீட்புரிமைக்கு வைத்த பெயர்தான் காலப்போக்கில் சுருங்கி, அந்த உரிமையின் பண மதிப்பையும் குறிக்கலாயிற்று. நம் நாட்டில் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இதே மீட்புரிமையைக் கடனாளிக்கு அளிக்கிறது. கடனாளியின் வீடு கைவிட்டுப் போகாதபடி காப்பதற்கென்று உண்டான கவசம், இப்போது மறுபடியும் ஈடாக வைக்கத்தக்க பண்டமாகிவிட்டது.

யந்திரத்தை முடுக்கும் முறை நம் ஊரில் பலரும் அறிந்ததே. தாய்ப்பத்திரம் முதலிய மூலப் பத்திரங்களின் நகல்கள், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகியவற்றோடு வீட்டுக்காரர் வங்கிக்குச் செல்கிறார். வக்கீல் ஒருவர் பத்திரங்களைப் படித்துப் பார்க்கிறார். மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து வீட்டை அளந்து போகிறார். மதிப்பு முழுவதற்கும் யாரும் கடன் தருவதில்லை. சொத்தின் பேரில் கொடுக்கும் கடன் மதிப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் என்று கொண்டால், நம் வீட்டுக்காரருக்கு 60 லட்சம் கிடைக்கும். அதில் பழைய பாக்கி 20 லட்சத்தைக் கழித்துவிட்டால் கையில் நிற்பது 40 லட்சம். 80 லட்சம் சொந்தம் என்று மகிழ்ந்தவருக்குப் பாதிதான் வெளியே வருகிறது. பத்திரங்களை ஒப்படைத்ததற்கு அடையாளமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் உடன்படிக்கை பதிவாகிறது. அன்று முதல் வில்லங்கச் சான்றில் ஒரு வரி கூடுகிறது.

இனி, இந்த 40 லட்சம் வருமானமன்று, கடன்; அதற்கு வட்டி உண்டு. ஆகையால் இந்த யந்திரத்தின் அச்சாணி ஒன்றே ஒன்றுதான்: புதிதாக வாங்கும் சொத்து தன் விலையில் நூற்றுக்கு எத்தனை வாடகை ஈட்டுகிறது, கடன் நூற்றுக்கு எத்தனை வட்டி கேட்கிறது என்ற இரண்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசம். இவ்வித்தையைப் பற்றி இன்று எழுதப்படுகிற புத்தகங்களில் மிகப் பலவும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அந்த நாட்டின் நிலைமை வேறு. 1930-களின் பொருளாதார மந்தத்துக்குப் பின் அங்கே அரசாங்கத்தின் ஆதரவோடு வேரூன்றிய நீண்ட காலத் தவணைக் கடன், பிற்பாடு முப்பது வருஷத்துக்கும் ஒரே வட்டி என்ற ரூபத்தில் சர்வ சாதாரணமாயிற்று. வாடகைக்கு விட்ட ஒற்றை வீட்டின் மதிப்பில் 75 சதவீதம் வரையில் மறு கடன் வாங்கிக்கொள்ள அங்கே வழியுண்டு. 2021 ஜனவரியில் குடியிருப்புக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரையில் இறங்கிற்று. வாடகை வீட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள் என்றாலும், வாடகை அதைத் தாண்டிய ஊர்கள் அனேகம். ஒரு வீடு இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. 2023 அக்டோபரில் அதே வட்டி ஏறக்குறைய 7.8 சதவீதத்தைத் தொட்டபோதோ, பழைய மலிவுக் கடனை விட்டுப் புதுக் கடனுக்கு மாறப் பெரும்பாலோருக்கு மனம் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த சக்கரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

அந்தப் புத்தகங்களைப் படித்துவிட்டு நம் வீட்டுக்காரர் 40 லட்சத்துக்கு ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்குகிறார் என்று கொள்வோம். நம் நகரங்களில் பல குடியிருப்பு வீடுகள் விலையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று வீதமே வாடகை தருகின்றன. மூன்று என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 10,000 ரூபாய்தான் வரும். கடனுக்கு வட்டி 10 சதவீதம், காலம் பதினைந்து வருஷம் என்றால், மாதத் தவணை ஏறக்குறைய 43,000 ரூபாய். மாதம் தோறும் 33,000 ரூபாயை அவர் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். முதல் வீட்டின் வாடகை முழுவதையும் இதில் போட்டாலும் பள்ளம் நிரம்பாது. வீட்டின் விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் இந்த நஷ்டத்தைத் தாங்கி நிற்கும் தூண். விலை ஏறலாம், நானும் மறுக்கவில்லை. ஆனால் அப்படி வருவது விற்கும் நாளில் வருகிற லாபம், மாதந்தோறும் வருகிற வருமானம் அன்று.

அப்படியானால் நம் நாட்டில் இந்த யந்திரம் ஓடவே ஓடாதா என்றால், ஓர் இடத்தில் ஓடுகிறது. அந்த இடம் சொந்த வீட்டின் மொட்டை மாடி. நம் ஊரில் வீட்டு விலையின் பெரும் பாகத்தை விழுங்குவது மனை, கட்டடம் அன்று. மனைக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று. அதன்மேல் 600 சதுர அடியில் ஒரு மாடி எடுக்க, சதுர அடிக்கு 2,500 ரூபாய் வீதம் 15 லட்சம் ஆகிறது. அந்த மாடிக்கு 14,000 ரூபாய் வாடகை வருகிறது என்று கணக்கிட்டால், போட்ட பணத்துக்கு நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் விளைகிறது. கட்டுவதற்கென்று வாங்கும் கடனுக்கு வட்டி சற்றுக் குறைவு. 9 சதவீதத்தில் பதினைந்து வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 15,200 ரூபாய். ஆரம்பத்தில் துண்டு விழுவது ஆயிரத்துச் சொச்சமே. ஊர் வழக்கப்படி வாடகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்; வட்டி விகிதம் மாறாதவரை தவணை ஏறாது; ஆகவே சில வருஷங்களில் இரண்டும் சமமாகிப் பின் வாடகை மிஞ்சிவிடுகிறது. அஸ்திவாரம் தாங்குமா என்பதைப் பொறியாளரும், இன்னொரு தளம் எழுப்ப அனுமதி உண்டா என்பதை உள்ளாட்சி அலுவலகமும் சொல்ல வேண்டும். கடை, அலுவலகம் போன்ற வியாபாரக் கட்டடங்களில் வாடகை விகிதம் குடியிருப்பைவிட மேல். அவற்றுக்கு வரவிருக்கும் வாடகையையே ஆதாரமாகக் கொண்டு வங்கிகள் கடன் தருவதும் உண்டு. ஆனால் ஒரு கடை காலியானால் மறு ஆள் வரப் பல மாதங்கள் ஆகலாம்.

வங்கிக்குப் போகாமலே இந்த வித்தையைச் செய்ய நம்மவர்கள் வெகு காலமாகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் போக்கியம். ஒத்தி என்றும், நகரங்களில் வெறுமனே லீஸ் என்றும் சொல்வார்கள். குடியிருக்க வருகிறவர் மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்; இரண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடியிருக்கிறார்; போகும்போது கொடுத்த தொகையை அப்படியே வாங்கிக்கொண்டு போகிறார். வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை. மாடியின் கட்டட வேலை பாதியில் நிற்கும்போது கீழ்வீட்டைப் போக்கியத்துக்கு விட்டு மேல்வீட்டை முடித்தவர்கள் எத்தனையோ பேர். இதில் தங்கியிருக்கும் சங்கடம், தொகையைத் திருப்பும் நாளில்தான் வெளிப்படும். அடுத்து வருகிறவர் தரும் பணத்தைக் கொண்டே முந்தியவருக்குக் கொடுப்பது என்பது எழுதாத ஏற்பாடு.

தென்கொரியாவில் ஜொன்சே என்ற பெயரில் இதே முறை பெரிய அளவில் நடக்கிறது. வீட்டு விலையில் பாதியும் சில வேளைகளில் அதற்கு வெகு மேலாகவும் குடித்தனக்காரர் இரண்டு வருஷத்துக்கு ஒப்படைப்பார்; விலைக்கும் அந்தத் தொகைக்கும் உள்ள சிறிய இடைவெளியை மட்டும் கையிலிருந்து போட்டு, வீட்டுக்காரர் ஒன்றன்பின் ஒன்றாக வீடுகளை வாங்கிக் குவிப்பார். விலையும் முன்தொகையும் ஏறிக்கொண்டே இருந்தவரை ஒரு குறையும் இல்லை. 2022-இல் வட்டி உயர்ந்து, வீடுகளின் விலை இறங்கி, புதிதாக வந்தவர் தரும் தொகை பழையவருக்குச் சேர வேண்டியதைவிடக் குறைந்தபோது சங்கிலி அறுந்தது. அவ்வருஷம் அக்டோபரில் ஆயிரம் வீடுகளுக்கு மேல் தம் பெயரில் வைத்திருந்த ஒருவர் இறந்துபோக, அவற்றில் குடியிருந்தவர்கள் பலர் தங்கள் பணத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திகைத்தார்கள். 2023 மே மாதம் அந்நாட்டுப் பாராளுமன்றம் இவ்விதம் ஏமாந்தவர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

வரி விஷயத்தில் ஒரு சிறு நுட்பம். நம் நாட்டில் வாடகை வருமானத்தில், செலுத்திய வீட்டு வரி போக மீதியில், 30 சதவீதத்தைப் பராமரிப்பு முதலியவற்றுக்காகக் கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் வட்டிக் கழிவைத் தீர்மானிப்பது, எந்த வீட்டை ஈடு வைத்தோம் என்பதன்று, வாங்கிய பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்பதே. ஈடு வைத்து வாங்கிய பணத்தில் வீடு கட்டினால் கழிவு உண்டு; கல்யாணம் செய்தால் இல்லை.

இந்த வருமானத்தை உழைக்காமல் வருவது என்று வர்ணிக்கிறார்கள். விடியற்காலையில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய் மேல்வீட்டிலிருந்து தொலைபேசி வந்த அனுபவம் உள்ளவர்கள் அந்த வர்ணனையை ஒப்புக்கொள்வது சிரமம். வீடு இரண்டு மாதம் காலியாக இருந்தாலும் தவணை காலியாக இராது. தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக் கடனாகக் கணக்கிடும். அதன்பின், 2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலே ஈட்டுச் சொத்தின்மீது நடவடிக்கை எடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. முதலில் ஈடு வைத்தது, நம் வீட்டுக்காரர் பதினைந்து வருஷம் அடைத்துச் சொந்தமாக்கிக்கொண்ட அந்தப் பழைய வீடு.

கடன் முழுவதும் தீர்ந்தால், வங்கி மூலப் பத்திரங்களை முப்பது நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023-ஆம் வருஷத்து உத்தரவு. வங்கி தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு. பத்திரங்கள் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஒன்றையும் பதிவு செய்கிறார்கள். அடுத்த முறை வில்லங்கச் சான்று எடுக்கும்போது, பழைய எம்.ஓ.டி. வரி அழிந்திருக்காது, அது இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குப் பின் ரசீதின் வரியும் சேர்ந்து நிற்கும்.