இலகு புகையிரத வண்டியின் உருவும் வண்ணமும்

தமிழில் நிறத்தைச் சுட்டும் சொற்கள் பல. தொல்காப்பிய உரியியல் குரு, கெழு என்னும் இரண்டினையும் நிறப்பொருளனவாகக் கூறும். வண்ணம் என்னும் சொல் நிறத்தோடு செய்யுளின் ஓசை நடையையும் உணர்த்தும். எனவே, நிறத்தை வெறும் மேற்பூச்சாகக் கருதாது, ஒன்றன் இயல்பைப் புலப்படுத்தும் குறியாகவும் முன்னோர் கண்டனர் எனக் கொள்ள இடமுண்டு. இக்கருத்து இக்காலத்து ஊர்திகளுக்கும் பொருந்துவதே. புதிய இலகு புகையிரத வண்டிகளின் வடிவும் நிறமும் அழகின் பொருட்டு மட்டும் அமைவனவா, பயணியின் பயன் கருதி அமைவனவா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

இலகு புகையிரதம் என்னும் பொருள்படும் பெயர் 1972 இல் ஐக்கிய அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. நகரத் தெருவிலும் தனித்தடத்திலும் ஒருங்கே ஓடவல்ல, நிறை குறைந்த மின்வண்டியை அது குறிக்கும். பழைய திராம் வண்டியின் வழித்தோன்றலே இது. சென்னையில் 1895 முதல் 1953 வரையிலும், கொழும்பில் 1899 முதல் 1960 வரையிலும் மின்திராம் வண்டிகள் ஓடின.

சபரகமுவ மாகாணம் திராம் வண்டியைக் கண்டதில்லை. எனினும், இலகுவான ஊர்தியின் அருமையை அது களனிவெளிப் பாதையால் நன்கறிந்திருந்தது. இலங்கையின் ஏனைய புகையிரதப் பாதைகளுட் பெரும்பாலானவற்றில் தண்டவாளங்களின் இடைவெளி 1676 மில்லிமீற்றர். களனிவெளியிலோ அது தொடக்கத்தில் 762 மில்லிமீற்றராக இருந்தது. வளைவும் மேடும் மலிந்த நிலத்திற் குறைந்த செலவில் பாதை அமைக்க இக்குறுகிய அளவு ஏற்றதாயிற்று. தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டு செல்லும் நோக்கோடு எழுந்த இப்பாதை முதலில் எட்டியாந்தோட்டையையும், 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. 1920களின் இறுதியில் இங்கிலாந்துச் சென்ரினல் நிறுவனத்தின் நீராவிக் காருந்துகள் இப்பாதைக்கு வந்தன. கொதிகலனும் பயணிகள் அறையும் ஒரே உடலில் அடங்கியமையால், தனி இயந்திரத்தின் பெருநிறை இன்றியே இவை இயங்கின. அவற்றுள் ஒன்று பிற்காலத்தும் பேணப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பாதையோ 1970களோடு மறைந்தது. அவிசாவளை வரையுள்ள பகுதி 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது.

ஊர்தியின் உருவைப் பாதையே வகுக்கின்றது என்பதைக் களனிவெளி காட்டும். பயணியும் அதனை வகுத்தல் வேண்டும் என்பது பின்னெழுந்த தெளிவாகும். பழைய திராம் வண்டியில் ஏறுவோர் படிகளில் மிதித்தே ஏறவேண்டும். முதியோர்க்கும், கருவுற்றோர்க்கும், கால் வழங்காதோர்க்கும் அப்படிகளே தடைச்சுவராயின. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1987 இல் ஓடத்தொடங்கிய வண்டியின் தளம், அதன் பெரும்பகுதியில், தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் உயரத்தில் அமைந்தது. சக்கர நாற்காலியில் இருப்போர் தாமே உட்செல்ல இது வழிவகுத்தது. தளத்தின் கீழிருந்த மின்கருவிகள் பலவற்றைக் கூரைமேல் ஏற்றியும், இருபுறச் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கச்சினை நீக்கியும், பொறியியலாளர் இத்தகைய தாழ்தளத்தை ஆக்கினர். வண்டியைப் பல துண்டுகளாக்கி மூட்டுக்களாற் பிணைத்தமையால், நீண்ட வண்டியும் தெருமுனைகளில் எளிதாக வளைகின்றது.

வடிவத்தை அடுத்து வண்ணம் எண்ணற்பாலது. அதன் முதற்பணி காத்தலாகும். நீராவி இயந்திரம் தன் வரவைத் தன் ஒலியாலேயே அறிவித்தது. மின்வண்டியோ ஓசை அடங்கி வரும். டீசல் வண்டிகளும் மின்வண்டிகளும் பெருகிய 1960களில், தண்டவாளத்திற் பணிபுரிவோர் தொலைவிலேயே கண்டு விலகும்பொருட்டு, பிரித்தானியாவில் வண்டிகளின் முகப்பில் மஞ்சள் நிறம் பூசப்பட்டது. மழைமூட்டமும் பனிப்புகாரும் கவியும் மலைநாட்டில், வெள்ளையும் சாம்பலும் பின்புலத்தோடு கலந்து மறையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் உருவான வந்தே பாரத் வண்டி 2018 இல் வெள்ளையும் நீலமுமாக வெளிவந்து, 2023 இற் காவியும் சாம்பலுமான வேறொரு கோலத்தையும் பெற்றமை ஈண்டு நினைக்கத்தக்கது.

வண்ணத்தின் இரண்டாம் பணி எழுத்தாய் நிற்றல். சென்னை மெற்றோவின் தடங்கள் நீலம், பச்சை எனப் பெயர் பெற்றுள்ளன. பலகையை வாசிக்க இயலாதவரும் நிறத்தால் வழியறிவர். மெக்சிக்கோ நகரம் 1969 இற் சுரங்கப்பாதை திறந்தபோது, ஒவ்வொரு நிலையத்திற்கும் பெயரோடு ஓர் உருவச்சின்னமும் அளித்தது. எழுத்தறியாதாரும் தாம் இறங்குமிடம் அறியவேண்டும் என்பதே அதன் கருத்து. ஆயினும் நிறம் ஒன்றே போதாது. ஐரோப்பிய வழியினரான ஆடவருட் பன்னிருவரில் ஒருவர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் இடர்ப்படுவர் என்பர். ஆகலின் நிறத்தோடு எண்ணோ உருவோ உடனிருத்தல் வேண்டும். கதவின் நிறம் வண்டியின் உடல் நிறத்தினின்றும் தெளிவாக வேறுபடின், பார்வை மங்கியோரும் வாயிலைத் தேடித் தடுமாறார்.

மூன்றாவதாக, வண்ணமும் வடிவும் ஊரின் அடையாளமாகும். லியோன் நகர வண்டியின் முகம் அந்நகரின் பட்டுத்தொழிலை நினைவூட்டிப் பட்டுப்புழுவை ஒத்தது. ரெயிம்ஸ் நகரில் 2011 இல் ஓடிய வண்டியின் முகம் அவ்வூர் மதுவிற்குரிய கிண்ணத்தை ஒத்தது. மொன்பெலியே நகரின் முதல் தடத்து வண்டிகள் 2000 இல் நீலப்பின்னணியில் வெண்சிறகுப் பறவைகளைத் தாங்கி வந்தன. தம் உழைப்பின் விளைவைத் தம் ஊர்தியிற் காணும் மக்கள் அதனைத் தமதெனப் போற்றுவர்.

கோட்டைக்கும் மாலபேக்கும் இடையே இலகு புகையிரதம் அமைப்பதற்கு 2019 இல் யப்பானியக் கடனுதவி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று; 2020 இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. இத்தகைய திட்டம் இந்நாட்டில் என்று நிறைவேறினும், வண்டியின் உருவையும் வண்ணத்தையும் துணிவோர் தலைநகரத்து அலுவலரை மட்டும் எண்ணுதல் போதாது. எட்டியாந்தோட்டை மலையிலிருந்து மருத்துவமனை நாடிக் கொழும்புக்கு வரும் முதிய தோட்டத் தொழிலாளியையும் எண்ணுதல் வேண்டும். ஆண்டுக்கணக்கிற் கொழுந்துக்கூடை சுமந்து தேய்ந்த முழங்கால் உயர்ந்த படியில் ஏறாது. பள்ளி செல்லும் வாய்ப்பை இழந்த கண் பலகையை வாசிக்காது. மங்கிய பார்வை வாயிலைக் காணாது. அவர் பிறர் துணையின்றி ஏறி இறங்கவல்ல வண்டி எல்லோர்க்கும் ஏற்ற வண்டியாகும். ஊர்ப்பெருமையை விளக்கும் சித்திரம் அதன்பின் எழுதப்படின் அழகு பெறும்; அதற்குமுன் எழுதப்படின் அது வெறும் பூச்சேயாகும்.